பறியும் பனுவலும்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டில் ஒன்பது பக்கங்களைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தேன். ஓரத்தில் 'இது வரலாறு அல்ல, நீக்குக' என்று எழுதினேன். ஆய்வேட்டின் பொருள் பழவேற்காட்டு வட்டார வரலாறு. அவள் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவள். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், கோட்டை, கல்லறை என்று முப்பது பக்கங்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு திடீரென்று அவளுடைய ஆயா வந்துவிட்டார். ஆயா ஏரியில் இறால் தடவப் போனது, தாத்தாவின் கிழிந்த லுங்கியைத் தான் சட்டையாகத் தைத்துக்கொண்டது, தெரிந்த முஸ்லிம் வீட்டு அக்காவிடம் ஓலைப் பெட்டி முடையக் கற்றது, அடியில் மணல் கொட்டிய குக்கரில் கேக் செய்து விற்றது என்று ஒன்பது பக்கம்.

அப்போது எனக்கு அது நாட்குறிப்பாகத்தான் பட்டது. வகுப்பில் பெண்ணெழுத்து நடத்துகிறவள் நான். மேடைகளில் அடுப்படியும் அரசியல்தான் என்று பேசியிருக்கிறேன். ஆனால் மதிப்பெண் போடும் பேனா கையில் இருக்கும்போது என் புத்தி அகழ்வைப்பகக் காவலாளியின் புத்தியாகிவிட்டது. அவள் எதிர்த்துப் பேசவில்லை. பக்கங்களை நீக்கிவிட்டுக் கொடுத்தாள். நல்ல மதிப்பெண் போட்டேன்.

நான் வைத்துக்கொள்ளச் சொன்ன முப்பது பக்கங்களில் இருந்தது என்ன? 1515இல் போர்த்துக்கீசியர் கட்டிய மகிமை மாதா கோயில். 1613இல் எழுந்த டச்சுக் கோட்டை கெல்டிரியா. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக ஊர் இருந்தது. 1825இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். கோட்டை எழுவதற்கு முன் இந்த ஊர் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் அரசியர் ஒருவரின் ஆளுகையில் இருந்தது என்பதை அந்த முப்பது பக்கங்களிலும் அரை வரியில் கடந்திருந்தோம். ஆண்ட பெண்ணுக்கே அரை வரி.

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. மொலுக்கத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கப் போனவர்களிடம் அங்குள்ளவர்கள் கேட்டது நம் கரைத் துணியை. பழவேற்காட்டையும் அதன் பின்னிலத்து நெசவூர்களையும் சுற்றித்தான் அந்த வணிகம் நடந்தது. நம் பாடநூல்கள் நெசவாளரைச் சொல்லும். தறியில் உட்கார்ந்த ஆணைச் சொல்லும். தறிக்கு நூல் எங்கிருந்து வந்தது? ஒரு தறியின் பசிக்குப் பல வீடுகளின் திண்ணையில் பல பெண்கள் நூற்றாக வேண்டும். கொட்டை நீக்கி, பஞ்சு அடித்து, பட்டையாக்கி, கதிரில் இழுத்து இழுத்து நூற்றவர்கள் பெண்கள். சமையலுக்கும் பிள்ளைக்கும் இடையில் கிடைத்த நேரத்தில், இரவில், சிறு விளக்கில்.

தமிழ் படித்தவளுக்கு இது தெரியாத செய்தியல்ல. சங்கப் பாடல்களில் பருத்திப் பெண்டு வருகிறாள். துணையில்லாத பெண்கள் நூற்ற மென்னூல் நற்றிணையில் வருகிறது; கைம்பெண்ணின் பிழைப்பு அது. பனுவல் என்ற சொல்லுக்கே பஞ்சு, நூல், இலக்கியம் என்று பொருள்கள் உண்டு. பவணந்தியின் நன்னூல் பாயிரத்தில் நூல் என்ற சொல்லை விளக்கும் இடத்தை வருடந்தோறும் நடத்துகிறேன். சொல்லே பஞ்சு, புலவனின் வாயே கை, மதியே கதிர். இவற்றால் நூல் முடிகிறது என்று அந்த உவமை விரியும். அதில் புலவன் யாருக்கு ஒப்பு? நூற்கும் பெண்ணுக்கு. இருபது ஆண்டுகளாக உருவகத்தை விளக்கி, தேர்வில் கேட்டு, மதிப்பெண் போட்டிருக்கிறேன். கதிரைப் பிடித்திருக்கும் அந்தப் பெண் யார், அவளுக்கு நாளுக்கு என்ன கிடைத்தது என்று ஒருமுறைகூட வகுப்பில் கேட்டதில்லை.

என் மாணவி கத்தரித்த லுங்கிக்கு வருகிறேன். கட்டம் போட்ட அந்த ரகத்தை இன்றும் கடைகளில் பளையக்காட் லுங்கி என்கிறார்கள். அது பழவேற்காடுதான்; வெள்ளைக்காரர் வாயில் புலிகாட்டாகவும் பாலியகாட்டாகவும் திரிந்த ஊர்ப்பெயர் துணியில் ஒட்டிக்கொண்டது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்குக் காயின் பெலிகாட் என்றே பெயர். மெக்ஸிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டும் கைக்குட்டைக்குப் பாலியகாத்தே என்று பெயர். அதுவும் இந்த ஊரிலிருந்து போன சொல் என்பார்கள். ஊரில் தறிச் சத்தம் நின்று எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மட்டும் உலகத்தின் தோளில் கிடக்கிறது.

இந்தக் கட்டத் துணி போன இடங்களில் பெண்கள் அதை என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். 1786இல், ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த லூயிசியானாவில், ஆளுநர் எஸ்தேபான் மீரோ ஓர் ஆணை போட்டார். கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் அடிமையல்லாதவர்களாக இருந்தாலும் தலைமுடியை அலங்கரித்துக்கொண்டு வெளியே வரக்கூடாது, துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அவர்களைத் தாழ்த்திக் காட்டுவதே நோக்கம். நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் கட்டினார்கள்: பளிச்சென்ற கட்டத் துணியை, உயரமாக, மடிப்பு மடிப்பாக, ஊரே திரும்பிப் பார்க்கும்படி. கரீபியத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்றும் பெண்களின் விழாக்கால உடை இந்தத் துணிதான். அதன் பெயர் மெட்ராஸ். ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஆட்கள் கொண்டுபோனது என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அங்கே கப்பலிறங்கியது 1850களில். துணி அதற்கு வெகுகாலம் முன்பே அடிமை வணிகத்தின் கப்பல்களில் போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் நைஜீரியாவின் கலபாரிப் பெண்கள். நைஜர் ஆற்றின் கழிமுகத்துத் தீவுகளில் வாழும் மீன்பிடிச் சமூகம். பழவேற்காட்டுப் பெண்ணைக் கொண்டுபோய் அங்கே விட்டால் தண்ணீரும் சேறும் அவளுக்குப் புதிதாக இருக்காது. நம் கரையிலிருந்து போன கட்டத் துணியை வாங்கி, ஊசியால் ஓர் இழையைத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுப்பார்கள். இப்படி எண்ணி எண்ணி இழைகளை நீக்கும்போது, நெசவாளன் நினைத்தே பார்க்காத புது வடிவம் துணியில் வந்துவிடும். பெலேட்டே பிட்டே என்று அதற்குப் பெயர், அறுத்த துணி என்று பொருள். தறியில்லாமல், சாயமில்லாமல், ஊசியும் பிளேடும் மட்டும் வைத்து அந்நியத் துணியைத் தம் குடும்பத்துச் சொத்தாக்கிவிடுகிறார்கள். இறந்தவரின் படுக்கையை அலங்கரிக்கவும் அதைத்தான் எடுப்பார்கள். தாத்தாவின் லுங்கியில் கந்தல் போக நல்ல இடம் எது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என் மாணவியை நான் அடித்துவிட்டேன். கலபாரிப் பெண்களைப் பற்றிய ஆய்வுகளை மட்டும் வியந்து வியந்து படித்திருக்கிறேன்.

பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் மனிதர்களும் விற்கப்பட்டு, டச்சுக் கப்பல்களில் பத்தாவியாவுக்குப் போனார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியின் வாழ்க்கை ஓரளவு தெரிகிறது. ஆவணங்களில் அவள் பெயர் கத்ரைன் வான் பாலியகாத்தா, அதாவது பழவேற்காட்டுக் கத்ரைன். பெற்றோர் அழைத்த பெயர் அதில் இல்லை. பத்தாவியாவில் அடிமையாக இருந்தபோது, தன்னைத் தாக்கிய காதலனைத் தடுக்கப்போய் அவன் இறந்துவிட, 1656இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது ஆயுள் முழுக்க நாடு கடத்தலாகக் குறைந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்த கேப் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டாள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை கொம்பனித் தளபதியின் வீட்டுத் துணி துவைப்பது. ஒரு சிப்பாய்க்கு அவள் பெற்ற பிள்ளைதான் தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பத்துக்கு மூதாதை. நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் டச்சு வணிகர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் எழுத்து வெட்டிய கல் உண்டு. கத்ரைனை நாம் அறிவது நீதிமன்றத்தில் நின்றதால். அவளோடு கப்பலேறி, குற்றம் எதுவும் செய்யாமல் செத்துப்போனவர்களை அந்த அளவுக்குக்கூட அறிய வழியில்லை.

ஆயாவின் பறி இன்னும் அருகில் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் வலை கட்டும் இடங்களைப் பாடு என்பார்கள். எந்த ஊர், எந்த நாள், எந்தப் பாட்டில் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. பொதுச்சொத்தைச் சண்டையில்லாமல் பகிரும் முறை என்று ஆய்வாளர்கள் மெச்சுவார்கள், நியாயம்தான். ஆனால் பங்கு சில ஊர்களுக்கு, குறிப்பிட்ட சாதிக்கு, அதிலும் ஆண்களுக்கு. பாடு இல்லாத இருளர் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அதில் பெண்கள் அதிகம். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். விரல் இறாலைத் தொட்டதும் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். சிப்பி கிழிக்கும், கெளுத்தி முள் ஏறும். மணிக்கணக்கில் வாய் திறக்க முடியாது. "ஆயா கரை ஏறினதும் முதல்ல வைவாங்க, அப்புறம்தான் தண்ணி குடிப்பாங்க" என்று என் மாணவி எழுதியிருந்தாள். அந்த வரியையும் சேர்த்துத்தான் அடித்தேன்.

அதே பனையோலை ஊருக்குள் இன்னொரு உருவம் எடுக்கிறது. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் குருத்தோலையைக் காயவைத்து, கீறி, கொதிக்கும் சாயத்தில் முக்கி, பெட்டியும் தட்டும் கூடையும் முடைகிறார்கள். வெளியே வேலைக்குப் போக அனுமதி இல்லாத வீடுகளில், வீட்டுக்குள் இருந்தபடியே காசு பார்க்கக் கிடைத்த வழி. கூட்டுறவு அமைப்பும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்தபின் பெட்டிகள் சென்னைக் கண்காட்சிகள் வரை வருகின்றன. வாங்குகிறவர்கள் 'எவ்வளவு அழகு' என்றுவிட்டு விலையைப் பாதியாகக் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

போன டிசம்பரில் அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிந்து கிடந்தது. அடுப்பில் பழைய அலுமினிய குக்கர். கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றி, அடியில் மணல் பரப்பி, ஒரு தட்டு கவிழ்த்து, அதன்மேல் கேக் பாத்திரம். பத்து நிமிடம் மணல் சூடேறிய பிறகுதான் மாவை வைக்க வேண்டுமாம், இல்லையென்றால் நடுவில் குழி விழும். ஓவன் வாங்கும் காசில் தையல் இயந்திரத்துக்கு மோட்டார் போட்டுவிட்டாள். கேக்கை அட்டைப் பெட்டியில் கொடுப்பதில்லை, ஓலைப் பெட்டியில்தான். உடுத்தியிருந்த குர்த்தா கட்டம் போட்டது. கேட்காமலே, "தாத்தாது இல்ல மேடம், சித்தப்பாது" என்றாள்.

கணக்கு நோட்டைக் காட்டினாள். மைதா, சர்க்கரை, முட்டை, எண்ணெய், கேஸ், பெட்டி என்று பத்தி பத்தியாகப் போட்டுக் கீழே லாபம் எழுதியிருந்தாள். உன் கூலி எங்கே என்று கேட்டேன்.

"வீட்ல சும்மா இருக்கிற நேரம்தானே மேடம்."

அன்று காலை நாலரைக்கு எழுந்தவள். கூலிக்கு ஒரு பத்தி போடச் சொன்னேன். "போட்டா லாபம் வராது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்த்துச் சொல்ல விடையும் இல்லை. திண்ணையில் நூற்ற பெண்களுக்கு அந்தப் பத்தியைப் போட்டிருந்தால் கொம்பனிக்கும் லாபம் வந்திருக்காது.

கிளம்பும்போதுதான் கேட்டேன், அந்த ஒன்பது பக்கங்களை வைத்திருக்கிறாயா என்று. இந்தத் தொகுப்புக்கு வேண்டும், உன் பெயரிலேயே போடலாம் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். "சட்டைக் கை வெட்ட கெட்டியான பேப்பர் வேணும்னு அதை எடுத்துட்டேன் மேடம்." தோள் வளைவுக்கும் மணிக்கட்டுக்கும் அளவாக வெட்டிய தாள்கள், குண்டூசி குத்திக் குத்தி ஓட்டை விழுந்தவை. ஒன்றில் ஆயாவைப் பற்றிய பாதிப் பத்தி இருந்தது. அதன் குறுக்கே என் சிவப்பு மை, அவள் கத்தரித்த இடத்தோடு நின்றுபோயிருந்தது. கேட்டதற்குத் தர மறுத்துவிட்டாள். அந்த அளவு சரியாக உட்காருகிறதாம், மறுபடி வரைய நேரமில்லை.