காஸுஸ்

லத்தீன் படிக்கத் தொடங்குபவர் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் சொல். நாம் வேற்றுமை என்பதை லத்தீன் இலக்கணம் காஸுஸ் என்கிறது. 'விழு' என்னும் பொருளுள்ள காதெரே என்ற வினையிலிருந்து வந்தது, நேர்ப்பொருள் 'விழுகை'. கிரேக்கர் வைத்த ப்தோசிஸ் என்ற பெயரின் மொழிபெயர்ப்பு இது. எழுவாய் நிமிர்ந்து நிற்கிறது, மற்றவை அதிலிருந்து சாய்ந்தவை என்று பழைய இலக்கணிகள் விளக்கம் சொன்னார்கள். ஆங்கில இலக்கணத்தின் 'கேஸ்' இதன் வழிவந்ததே.

நம் இரண்டாம் வேற்றுமைக்கு அங்கே அக்கூஸாதீவுஸ் என்று பெயர்: 'குற்றஞ்சாட்டுவது'! செயலுக்கு உள்ளானதைக் குறித்த கிரேக்கப் பெயரின் வேர்ச்சொல்லுக்குக் 'காரணம்', 'குற்றச்சாட்டு' என இரு பொருள். ரோமானியர் பிந்தியதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே அறிஞர் பலரின் முடிவு. இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் பெயர் மாறவில்லை.

ரோஸா என்றால் ரோஜா. ரோஸம் என்றால் ரோஜாவை. இதுவரை தமிழருக்குச் சிக்கல் இல்லை. தமிழில் 'கள்' தனி, 'ஐ' தனி. லத்தீனில் எண்ணும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கலந்துவிடும்; 'ரோஜாக்களை' என்பதற்கு ரோஸாஸ். ரோஸாய் என்ற ஒரே வடிவமோ 'ரோஜாவின்', 'ரோஜாவுக்கு', 'ரோஜாக்கள்' மூன்றுக்கும் வரும். வாக்கியத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஆகவே அந்த நீண்ட பெயர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். அட்டவணையின் ஓரத்தில் ஐ, கு, இன் என்று நம் உருபுகளை எழுதிக்கொண்டு படியுங்கள்.