ஒசாகாவும் புனேவும்: 1970 உலகக் கண்காட்சிக்கு ஒரு தமிழ்ச் சான்று

புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நிகழ்ந்த இந்திரவிழாவை இன்று அறியச் சிலப்பதிகாரமும் மணிமேகலையுமே துணையாகின்றன. விழா முடிந்தது, நகரையும் கடல் கொண்டது, எழுத்து எஞ்சியது. இருபதாம் நூற்றாண்டின் உலகக் கண்காட்சிகளும் ஒருவகையில் பந்தல் விழாக்களே எனலாம். 1958இல் பிரசல்ஸ், 1967இல் மாண்ட்ரியால், 1970இல் ஒசாகா ஆகிய நகரங்களில் நாடுகள் எழுப்பிய அரங்குகளுள் பெரும்பாலானவை ஆறு மாதங்கள் பயன்பட்டுப் பின் அகற்றப்பட்டன. பிரசல்ஸின் அட்டோமியம் நிலைத்துவிட்டது விதிவிலக்கு. இவற்றுள் ஒசாகாவைத் தமிழர் நினைவில் நிறுத்தியது ஒரு நூலன்று, ஒரு வணிகத் திரைப்படம் என்பது கருதத்தக்கது.

ஒசாகாவை அடுத்த சுயிட்டாவில் 1970 மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை நடைபெற்ற அக்கண்காட்சியில் 77 நாடுகள் பங்கேற்றன. பார்வையாளர் 6 கோடியே 40 இலட்சத்தினர். ஆசியாவில் நிகழ்ந்த முதல் உலகக் கண்காட்சி அது. அது நடந்துகொண்டிருந்த வேளையிலேயே எம்.ஜி.ஆர். தம் குழுவினருடன் சென்று 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தின் காட்சிகளை அங்கே எடுத்தார். அவ்வனுபவத்தைப் 'பொம்மை' இதழில் தொடராகவும் எழுதினார். படம் 1973 மே 11இல்தான் வெளிவந்தது. அதற்கிடையே, 1972 அக்டோபரில், அவர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்டிருந்தார். திண்டுக்கல் இடைத்தேர்தலும் அம்மே மாதத்திலேயே நடந்தது. ஆகவே இப்படத்தைப் பற்றிய பேச்சு அரசியலையே சுற்றிவருவது இயல்பு. ஆயினும் அது முழுமையான வாசிப்பாகாது.

படத்தின் கதையை நோக்குக. மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் வழியைக் கண்டறிகிறார் அறிவியலாளர் முருகன். அதனை ஆக்கத்திற்கே பயன்படுத்தவேண்டும் என்பது அவர் எண்ணம். அழிவுக்கு விற்க முனைபவன் பைரவன். 'மனித குலத்தின் முன்னேற்றமும் இணக்கமும்' என்பது ஒசாகாக் கண்காட்சியின் கருப்பொருள். இரோசிமாவில் குண்டு விழுந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்த அந்நாட்டில், கண்காட்சியின் தொடக்க நாளுக்குச் சுருகா அணுமின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆற்றல் யார் கையில் என்னும் வினா அரங்குகளிலும் இருந்தது, கதையிலும் இருந்தது. திட்டமிட்டு அமைந்த ஒப்புமை என்று கொள்ளச் சான்றில்லை. எனினும் ஒசாகா இப்படத்திற்கு வெறும் வண்ணத்திரைச்சீலை அன்று என்பது தெளிவு.

இனிப் புனேவுக்கு வருவோம். தமிழ்த் திரைப்பட வரலாறே ஒருவகையில் அந்நகரில் தொடங்குகிறது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாகிய 'கீசகவதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார் ஒளிப்பதிவு பயின்றது புனேவில், ஸ்டூவர்ட் சுமித் என்னும் ஆங்கிலேயரிடம். அப்படத்தின் படி ஒன்றும் இன்றில்லை. 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்திற்கும் அதே நிலை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் அதே புனேவில் நிறுவப்பட்டது. பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சுருள்களைத் திரட்டி அதனை வளர்த்தார். 2003 சனவரியில் திரைப்படக் கல்லூரி வளாகக் கிடங்கில் மூண்ட தீயில் பழைய நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. 2022இல் அக்காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

1970களின் வண்ணச் சுருள்களுக்குத் தீயைவிட வேறோர் இடர் உண்டு. அசெட்டேட் சுருள் சிதையுங்கால் புளிக்காடி நாற்றம் எழும். நீலமும் மஞ்சளும் மங்கிச் செம்மை மட்டும் மிஞ்சும். எண்ணிம முறையில் புதுப்பிப்போர் அவ்வண்ணங்களைத் தம் மதிப்பீட்டால் மீட்கின்றனர். பாடபேதம் காணும் பதிப்பாசிரியர்க்கு இச்சிக்கல் புதிதன்று. உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டதுபோல் படிகளை ஒப்பிட்டாலன்றிப் பாடற்காட்சியில் தெரியும் அரங்கின் நிறம் ஒசாகாவினதா, பின்னாளில் ஏற்றப்பட்டதா எனத் துணிய இயலாது. தாரோ ஒகமோட்டோவின் கதிரவன் கோபுரம் இன்றும் நிற்கிறது. 2018இல் அதன் உட்புறமும் மக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அதனை நேரில் கண்டு சரிபார்க்கலாம். அகற்றப்பட்ட அரங்குகளுக்கு அவ்வாய்ப்பில்லை.