ரவிசங்கர்: மான்டெரே நேரடி இசைத்தட்டு (1967)

கலிஃபோர்னியாவின் மான்டெரே பாப் விழாவில் 1967 ஜூன் 18, ஞாயிறு பிற்பகலில் சிதார் கலைஞர் ரவிசங்கர் வாசித்த கச்சேரியின் நேரடிப் பதிவு. வேர்ல்டு பசிபிக் நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்டது. வகையால் இந்துஸ்தானி இசை. ஆயினும் ஹிப்பி இயக்கமும் சைகடெலிக் ராக்கும் உச்சத்தில் இருந்த காலத்தின் ஆவணமாகவே பெரிதும் அறியப்படுகிறது.

தபலா அல்லா ரக்கா. தம்புரா, பாடகி லட்சுமி சங்கரின் தங்கை கமலா சக்கரவர்த்தி. முதற் பக்கத்தை பீம்பளாசி ராகம் நிறைக்கிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு ஆபேரியை நினைவூட்டும். ஆலாபனை மெல்ல விரிந்து, தாளம் சேர்ந்ததும் விரைவு கூடுகிறது. அடுத்து 12 மாத்திரை ஏக்தாளில் தபலா தனி. இறுதியில் தாத்ரா தாளத்தில் தொடங்கித் துரித தீன்தாளுக்கு மாறும் துன் என்னும் மெல்லிய உருப்படி. சிதாரும் தபலாவும் கேள்வி பதிலாக மோதும் இப்பகுதியே தட்டின் சிறப்பு.

விழாவில் ஊதியம் பெற்ற ஒரே கலைஞர் ரவிசங்கர். பிறர் இலவசமாக வாசித்தனர். விழாவைப் படம்பிடித்த இயக்குநர் பென்னிபேக்கரின் ‘மான்டெரே பாப்’ (1968) ஆவணப்படம் ரவிசங்கரின் வாசிப்புடனேயே முடிகிறது. ஆயினும், ஹிப்பிகளின் போதைப்பொருள் பழக்கத்தோடு தம் இசை இணைக்கப்படுவதை அவர் வெளிப்படையாகக் கண்டித்துவந்தார்.