சுங்க, கலால் அதிகாரிகளின் வழித்தடம்

தம் முன்னோரைத் தேடும் பிரிட்டிஷ் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஒரு புதிர் எதிர்ப்படுவதுண்டு. 1851ஆம் ஆண்டுக் குடிமதிப்பைப் புரட்டினால், ஒரே தகப்பனின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரில் பிறந்திருப்பார்கள். அந்தத் தகப்பனார் நாடோடியல்லர். கலால் அதிகாரியாக இருந்திருக்கலாம்.

சுங்கம் என்பது கடல் கடந்து வரும் சரக்குக்கு வரி. கலால் என்பது உள்நாட்டில் காய்ச்சும் மது போன்றவற்றுக்கு வரி. அது இங்கிலாந்தில் 1643இல் தொடங்கிற்று. வரி கட்டுவோரோடு அதிகாரி உறவாடிவிடக் கூடாதென்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவரை வேறூருக்கு மாற்றினர். வேலையும் கடினமே. 1789இல் கலால் பணியில் அமர்ந்த ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், வாரத்தில் சுமார் 200 மைல் குதிரையில் சுற்ற வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவரை ஊர் ஊராகத் தேடினால் வழி தவறிவிடும். அவர் பார்த்த வேலையின் தாள்களைத் தேடுவதே முறை. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 1820 முதல் 1870 வரையிலான கலால் நுழைவுத் தாள்கள் இருக்கின்றன. வயதென்ன, பிறந்த ஊர் எது, மணமானவரா, நடத்தை எப்படி, எழுத்தும் கணக்கும் வருமா என்பதெல்லாம் அவற்றில் உண்டு. பிறகு அவர் எங்கெங்கே மாற்றப்பட்டார் என்பதைக் கலால் வாரியத்தின் குறிப்பேடுகள் சொல்லும். பிறந்த ஊர் தெரிந்துவிட்டால், அங்குள்ள தேவாலயப் பதிவேட்டில் அவருடைய பெற்றோரையும் காணலாம்.

வேலைக்காக எழுதிய ஒரு தாள், ஒரு குடும்பத்தின் வேரைக் காட்டிவிடுகிறது. ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் பழைய தாள் எதுவும் கிடந்தால், குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளை அழைத்து, வாசிக்கச் சொல்லுங்கள்.