பால் மால் வீட்டு அறிவிப்பு: காஸநோவாவும் நவீன டேட்டிங்கின் முன்வரலாறும்

காஸநோவாவைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவற்றுள் பொது வாசகர் மனத்தில் ஆழப் பதிந்தது ஸ்டெஃபான் ஸ்வைக் 1928-இல் வெளியிட்ட கட்டுரை. ஸ்டெந்தால், டால்ஸ்டாய் இருவரோடும் காஸநோவாவை ஒரே நூலில் சேர்த்து, தம் வாழ்வையே எழுத்தாக்கியவர்கள் என்ற வரிசையில் ஸ்வைக் அவரை நிறுத்தினார். கட்டுரையின் அச்சாணி ஓர் ஒப்பீடு. டான் ஹுவான் பெண்ணைப் பகைப்பவன், அவளை வீழ்த்துவதோடு அவன் வேலை முடிகிறது. காஸநோவா பெண்ணை விரும்புகிறவன், அவள் மகிழ்ந்தால்தான் அவனுக்கும் மகிழ்ச்சி. ஆகவே காஸநோவா விட்டுச் சென்ற பெண்கள் எவரும் சிதைந்துபோகவில்லை என்பது ஸ்வைக்கின் முடிபு. ஆழமற்ற, நினைவின் சுமையற்ற, உடலின் உயிர்ப்பால் மட்டுமே வென்ற மனிதன்: இதுவே அவர் தீட்டிய உருவம்.

நடை அழகில் அந்தக் கட்டுரைக்கு ஈடு சொல்வது கடினம். அதனாலேயே அதன் செல்வாக்கு அளவுக்கு மீறியது. பெண்களைக் கவரும் உத்திகளைக் கற்றுத்தருவோரின் உலகை 2005-இல் 'தி கேம்' நூலில் நீல் ஸ்ட்ராஸ் விவரித்தார். அந்த உலகின் ஆதார நம்பிக்கையும் இதுவே: கவரும் ஆற்றல் ஆளிடம் இருக்கிறது, ஊர், பணம், இடையில் நிற்பவர்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். காஸநோவாவின் பெயரை இன்று குலதெய்வம்போல் அழைப்பவர்கள் உண்மையில் அழைப்பது ஸ்வைக்கின் காஸநோவாவை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. காஸநோவாவின் வெற்றிகள் பெரும்பாலும் அவரைச் சுற்றியிருந்த சந்திப்பு அமைப்புகளின் வெற்றிகள். அந்த அமைப்புகள் இல்லாத ஊரில் அவர் விளம்பரம் செய்யவேண்டியதாயிற்று. நவீன டேட்டிங்கின் முன்வரலாற்றில் அவருக்கு இடமிருந்தால் அது அந்த ஊரில்தான் இருக்கிறது.

மூலப்பாடத்தின் நிலையை முதலில் சொல்லிவிடவேண்டும். வெனிஸில் 1725-இல் பிறந்த காஸநோவா, பொஹீமியாவின் டுக்ஸ் கோட்டையில் வால்ட்ஷ்டைன் பிரபுவின் நூலகராக இருந்த முதுமையில் தம் வாழ்க்கையைப் பிரெஞ்சில் எழுதினார். சுமார் 3,700 பக்கங்கள். கதை 1774-இல் நின்றுவிடுகிறது. ஆசிரியர் 1798-இல் இறந்தார். கைப்பிரதியை 1821-இல் வாங்கிய லைப்ஸிக் நகரத்துப் ப்ரோக்ஹவுஸ் பதிப்பகம் முதலில் ஷூட்ஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பிறகு ஜான் லஃபோர்க் என்ற ஆசிரியரிடம் பிரெஞ்சைத் திருத்தக் கொடுத்தது. லஃபோர்க் உடல் சார்ந்த இடங்களை மழுப்பினார். மதகுருமார் மீதும் முடியாட்சி மீதும் மூலத்தில் இல்லாத கசப்பை ஏற்றினார். உள்ளபடியான பாடம் அச்சேறியது 1960-62 ஆண்டுகளில்தான். ஸ்வைக் 1942-இல் இறந்துவிட்டார். அவர் கையில் இருந்த காஸநோவா, பிறர் தேய்த்து மெருகேற்றிய காஸநோவா.

இதை மட்டும் சொல்லி ஸ்வைக்கை மறுப்பது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. என் வாதத்துக்கு இன்றியமையாத லண்டன் நிகழ்ச்சிகள் லஃபோர்க் பதிப்பிலும் இருக்கின்றன. பாடச் சிதைவின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. சிக்கல் வாசிப்பில் இருக்கிறது.

எவரும் சிதையவில்லை என்ற கூற்றைப் பார்ப்போம். பசியானோவில் லூசியா என்ற இளம்பெண்ணைக் காஸநோவா தொடாமல் விட்டுவந்ததாகச் சொல்கிறார். அவள் பிறகு வேறொருவனோடு ஓடிப்போகிறாள். ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமின் கீழ்த்தர விடுதியொன்றில், வயதுக்கு மீறிய மூப்போடு அவளைக் காண்கிறார். அவள் நிலைக்குத் தாமும் பொறுப்பு என்று எழுதுகிறார். ரஷ்யாவில் 1765-இல் ஓர் உழவர் பெண்ணை அவள் பெற்றோரிடம் 100 ரூபிள் கொடுத்து வாங்கி, தாமே ஸயீர் என்று பெயரும் வைக்கிறார். இதை விலைக்கு வாங்கியது என்றுதான் சொல்லவேண்டும். காதல், கவர்ச்சி என்ற தலைப்புகளின் கீழ் இது வராது. அவர் வாழ்வில் வந்த பெண்கள் 120-ஐ ஒட்டியவர்கள் என்று பிற்கால வாசகர்கள் போடும் கணக்கில் இவளும் சேர்ந்துவிடுகிறாள். காஸநோவா அப்படிப் பட்டியல் போட்டவர் அல்லர். பட்டியல் வைத்திருந்தவன், டான் ஹுவானை நாயகனாகக் கொண்ட மொட்ஸார்ட்டின் 'டான் ஜொவான்னி'யில் வரும் வேலைக்காரன் லெபொரெல்லோ. அந்த இசைநாடகம் 1787 அக்டோபரில் ப்ராகில் அரங்கேறிய காலத்தில் காஸநோவாவும் அந்நகருக்கு வந்திருந்தார். அதன் ஒரு காட்சிக்கு அவர் கைப்பட எழுதிப்பார்த்த வரிகள் டுக்ஸ் தாள்களில் கிடைத்துள்ளன. இரு பெயர்களும் ஒன்றாகக் குழம்பியதற்கு இந்த அருகாமையும் ஒரு காரணம் ஆகலாம். ஸ்வைக் இருவரையும் பிரித்தது சரி. பிரித்த வேகத்தில் ஒருவரைத் தூயவராக்கிவிட்டார்.

இனி அமைப்புகள். வெனிஸில் முகமூடி அணியும் பருவம் மாதக்கணக்கில் நீண்டது. நாடக அரங்கின் தனியறைகள், கன்னிமாடத்தின் பார்வையாளர் கூடம், பிரபுக்கள் மறைவாக வைத்திருந்த சிறு மனைகள் ஆகிய எல்லாமே அறிமுகமற்றவர்கள் சந்திக்க அந்நகரம் ஏற்கெனவே கட்டிவைத்திருந்த வழிகள். முரானோத் தீவின் கன்னித்துறவி எம்.எம். உடனான உறவு பெரும்பாலும் பிரெஞ்சுத் தூதர் பெர்னியின் மனையில் நடந்தது. தூதருக்கும் அதில் பங்கு இருந்தது. நடிகர் தம்பதியின் மகனான காஸநோவாவுக்குப் பிரகதீன் என்ற செனட்டரின் ஆதரவு 1746 முதல் கிட்டியது. பணமும் மேலிடத்து வாசல்களும் அதன் வழியே திறந்தன. வேறு ஊருக்குப் போனால் கையில் அறிமுகக் கடிதம் இருக்கும். உடலின் உயிர்ப்பு என்று ஸ்வைக் கண்டதில் பாதி, இந்த வாசல்கள் திறந்த ஓசை.

லண்டனில் வாசல்கள் திறக்கவில்லை. 1763 ஜூனில் அங்கு வந்த காஸநோவாவுக்கு ஆங்கிலம் வராது. பழைய காதலி தெரேஸா கொர்னேலிஸ் அப்போது ஸோஹோ சதுக்கத்துக் கார்லைல் ஹவுஸில் சந்தா செலுத்தியவர்களுக்கு நடன விருந்துகள் நடத்திப் புகழின் உச்சியில் இருந்தார். அவர் காஸநோவாவை ஆர்வமின்றியே வரவேற்றார். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆணும் பெண்ணும் பழகும் இடத்தை ஏற்பாடு செய்து தருவதை ஒரு தொழிலாக்கியவர் அந்த வெனிஸ் பாடகி. டேட்டிங் நிறுவனங்களின் முன்னோடி யார் என்று என்னைக் கேட்டால் காஸநோவாவை விட்டுவிட்டு இந்த அம்மையாரையே காட்டுவேன். கடன்பட்டு, 1797-இல் ஃப்ளீட் சிறையில் இறந்தார். தனி ஆய்வுக்கு உரியவர்.

பால் மால் தெருவில் ஒரு முழு வீட்டை வாடகைக்கு எடுத்த காஸநோவா தனிமை தாங்காமல் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டியதாக எழுதுகிறார். இக்கட்டுரையின் மையச் சான்று இதுதான். இரண்டாம் அல்லது மூன்றாம் மாடி, தட்டுமுட்டுப் பொருள்களோடு வாடகைக்கு உண்டு; வருபவர் இளம்பெண்ணாக இருக்கவேண்டும்; ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசவேண்டும்; பகலிலோ இரவிலோ பார்வையாளர் எவரும் வரக்கூடாது. வயது, மொழி, வேறு தொடர்பின்மை என்று இன்றைய டேட்டிங் செயலியில் விரலால் தள்ளித் தேர்ந்தெடுக்கும் நிபந்தனைகள் அத்தனையும் ஒரு கதவில் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஊர் சிரித்தது, செய்தித்தாள் ஒன்று கேலி செய்தது என்று அவரே சொல்கிறார். அந்தக் கேலியில் ஒரு கூர்மை இருக்கிறது: குடிவரும் பெண் எப்போதாவது மட்டும் வந்து தங்கலாம், வீட்டுக்காரர் தன்னைக் காண வருவதையே மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. வாடகை என்ற போர்வையைக் கேலிக்காரர் அன்றே விலக்கிப் பார்த்துவிட்டார்.

இந்த அறிவிப்புக்கு வெளிச்சான்று உண்டா? 1763 ஜூலை 5-ஆம் நாளிட்ட லண்டன் 'கஸெட்டியர்' நாளிதழில் ஒரு வாடகை விளம்பரம் இருப்பதைக் காஸநோவா ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவருகின்றனர். இடம் பால் மால். வீடு சாதாரண விடுதி அன்று என்றும், ஆதாயத்தைவிடத் துணைக்காகவே விடப்படுகிறது என்றும், சில தனி வசதிகள் உண்டு என்றும் அது சொல்கிறது. விவரத்தை அருகிலுள்ள ஓர் ஆடையலங்காரக் கடையில் கேட்டறியலாம். காலமும் தெருவும் பொருந்துகின்றன. துணைக்காக என்ற தொனியும் பொருந்துகிறது. மற்றவை பொருந்தவில்லை. நினைவுக்குறிப்பில் மேல்மாடி, இங்கே முதல் மாடி. அங்கே இளம்பெண் மட்டும். இங்கே சிறு குடும்பமோ, தனி ஆணோ, பெண்ணோ யாரும் வரலாம். மொழி நிபந்தனை இல்லவே இல்லை.

இரண்டும் ஒன்றே என்று கொள்ளவே நான் சாய்கிறேன். ஆங்கிலம் அறியாதவருக்காக வேறொருவர் எழுதித் தந்திருக்கவேண்டும். நாளிதழுக்குப் போகும்போது குடும்பமும் ஆணும் மரியாதைக்காகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். கால் நூற்றாண்டுக்குப் பின் நினைவிலிருந்து எழுதிய முதியவர் கதையைக் கூர்மையாக்கியிருக்கலாம். இம்மூன்றுமே ஊகங்கள். பால் மாலில் வாடகைக்கு அறைகள் பல இருந்தன என்பதும், காஸநோவாவின் நாள் குறிப்புகள் அடிக்கடி பிசகுபவை என்பதும் எதிர்த்தரப்புக்கு வலுச் சேர்க்கின்றன. கதவில் ஒட்டியது ஜூலை 5-க்கு முன்பா பின்பா என்பதையும் உறுதிசெய்ய இயலவில்லை.

ஆனால் அந்த விளம்பரம் காஸநோவாவுடையது அல்ல என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என் வாதம் இன்னும் வலுக்கிறது. ஆதாயத்துக்கல்ல, துணைக்கே என்று அச்சில் சொல்லும் வழக்கம் அவருக்கு வெளியே, அந்த நகரத்தில் முன்பே இருந்தது என்றாகிறது. அதற்குத் தொடர்ச்சியும் உண்டு. ஜான் ஹௌட்டன் நடத்திய வேளாண்மை-வணிக இதழில் 1695 ஜூலையிலேயே, நல்ல சொத்துள்ள முப்பது வயதுக் கனவான் ஒருவர் 3,000 பவுண்டு உடைமையுள்ள பெண்ணை மணக்க விரும்புவதாக விளம்பரம் வந்தது. உறவினர், தரகர், அறிமுகக் கடிதம் எதுவும் இன்றி அயலாரை அயலார் தேடும் வழியை லண்டன் கட்டிக்கொண்டிருந்தது. காஸநோவா அதைக் கண்டுபிடிக்கவில்லை, வந்து சேர்ந்துகொண்டார். மேட்ச் டாட் காம் 1995-இலும் டிண்டர் 2012-இலும் வந்தபோது நிகழ்ந்ததும் அதே பாதையின் நீட்சி.

அறிவிப்பைப் பார்த்து வந்தவர்களுள் காஸநோவா ஏற்றது பௌலின் என்று அவர் அழைக்கும் போர்த்துகீசியப் பெண்ணை. அவள் யார் என்பது இன்றுவரை தீரவில்லை. சில வாரங்களில் அவள் நாடு திரும்ப, கலே வரை உடன்சென்று வழியனுப்பினார். லண்டன் தந்த நற்பேறு அத்தோடு முடிந்தது.

அடுத்து வந்தவள் மரியான் ஷார்ப்பியோன். அவளைச் சந்தித்த நாளிலிருந்தே தாம் இறக்கத் தொடங்கியதாகக் காஸநோவா எழுதுகிறார். பணம் கொடுத்தார், பரிசு கொடுத்தார், அவள் வீட்டாரின் கடன் பத்திரங்களைக் கையில் வைத்து நெருக்கினார். அவள் இணங்கவில்லை. அந்த ஆத்திரத்தில் அவளை அடித்தார். பிறகு ஈயக் குண்டுகளைச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு தேம்ஸில் விழப் போனார். வழியில் எதிர்ப்பட்ட ஆங்கில நண்பர் ஒருவர் அவரை மடக்கி விருந்துக்கு இழுத்துச் சென்றார். அவளும் தாயும் செய்த புகாரின் பேரில் பார்வையற்ற நீதிபதி ஜான் ஃபீல்டிங் முன் நிறுத்தப்பட்டுப் பிணையில் வெளிவந்தார். இறுதியில் ஒரு கிளியை வாங்கினார். ஷார்ப்பியோன் தன் தாயைவிடப் பெரிய வேசி என்று பிரெஞ்சில் சொல்ல அதைப் பழக்கி, வணிகர்கள் கூடும் பங்குச்சந்தையில் விற்பனைக்கு வைத்தார். நகரமே கேட்டுச் சிரித்ததாகப் பெருமையோடு குறிப்பிடுகிறார்.

தன்னை மறுத்த பெண்ணைப் பொது வெளியில் இழிவுபடுத்தும் செயல் இது. ஆள் நேரில் போகவேண்டாம். அவர் இல்லாத இடத்திலும் அந்தக் குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். உறவு முறிந்தபின் படங்களையும் வசைகளையும் இணையத்தில் ஏவிவிடுகிறவர்களின் செயலுக்கும் இதற்கும் கருவியில்தான் வேறுபாடு. பின்வந்த இலக்கியம் இந்நிகழ்ச்சியை அவள் கொடுமையின் கதையாகவே வாங்கிக்கொண்டது. பியேர் லூயிஸின் 1898-ஆம் ஆண்டு நாவலும், அதிலிருந்து 1977-இல் புன்யுவெல் எடுத்த திரைப்படமும் அந்த வழியில் வந்தவை. ஷார்ப்பியோனின் தரப்பை அவள் எழுதிவைக்கவில்லை. நம்மிடம் இருப்பது எதிராளியின் வாக்குமூலம் மட்டுமே. ஆனால் அந்த வாக்குமூலத்திலேயே அடி, கடன் நெருக்கடி, கிளி மூன்றும் இருக்கின்றன. எவரும் சிதையவில்லை என்ற முடிபு இந்தப் பக்கங்களைத் தாண்டி எப்படி நிற்கும்?

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். ஒரு வாழ்வின் ஓராண்டை வைத்து முழு மனிதரையும் எடைபோடலாமா? ஆன்ரியெத் போன்ற பெண் தன் இயல்பான அறிவால் அவரை ஆட்கொண்டதும், பிரிந்தபின்னும் அவர் நலன் கருதியதும் அதே நூலில் இருக்கின்றனவே? இருக்கின்றன. ஸ்வைக்கின் காஸநோவா பொய்யுரு அல்ல. வாசல்கள் திறந்திருந்த ஊர்களின் காஸநோவா அவர். இன்று டேட்டிங் செயலியைத் திறப்பவர் இருப்பது லண்டனின் நிலையில்: மொழி புதிது, முகம் புதிது, அறிமுகப்படுத்த ஆள் இல்லை, நிபந்தனைகளை எழுதிக் கதவில் ஒட்டியாயிற்று, எதிர்ப்பக்கம் மறுக்கும் உரிமையோடு இருக்கிறது. அவர்களுக்கு வெனிஸ் காஸநோவாவின் உத்திகளை விற்பவர்கள் தவறான ஊரின் வரைபடத்தை விற்கிறார்கள்.

கைப்பிரதியைப் பிரான்சின் தேசிய நூலகம் 2010-இல் 70 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கி, அதன் பக்கங்களை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்துள்ளது. ஸ்வைக்கைப் படித்து மகிழ்ந்தவர்கள் லண்டன் அத்தியாயங்களை ஒருமுறை படித்துவிட்டு அவரிடம் திரும்பிச் செல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.