கொள்ளைநோய் காலப்போக்கில் தணியுமா? மிக்சோமா வைரசின் வரலாறு

தன் விருந்துவழங்கியைக் கொன்றொழிக்கும் வைரசு தானும் அழியும்; ஆதலால், புதிய திரிபுகள் தோன்றுந்தோறும் கொள்ளைநோய் தணிந்தே தீரும் என்பது அமெரிக்க அறிஞர் தியோபால்ட் சிமித்தின் பெயரோடு தொடர்புறுத்திப் பேசப்படும் பழங்கருத்தாகும். 2021 நவம்பரில் ஒமிக்குரோன் திரிபு தென்னாபிரிக்காவிலும் பொட்சுவானாவிலும் இனங்காணப்பட்டபின் இக்கருத்து புத்துயிர் பெற்றது. இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுவது அவுஸ்திரேலிய முயல்களின் வரலாறு. அவ்வரலாற்றை முற்றாக நோக்குவார்க்கு வேறொரு முடிபே தோன்றும்.

ஐரோப்பியர் கொண்டுசென்ற முயல்கள் அந்நாட்டின் மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கின. அவற்றை ஒழிக்கும் பொருட்டு 1950இல் மிக்சோமா வைரசு வேண்டுமென்றே பரப்பப்பட்டது. தென்னமெரிக்க முயல்களிற் சிறு கட்டியை மட்டும் உண்டாக்கும் இவ்வைரசு, ஐரோப்பிய முயல்களைத் தொற்றியபோது 100க்கு 99க்கும் மேலானவற்றைக் கொன்றது. நுளம்புகள் அதனை ஆற்றுப்படுகைகள் வழியே கொண்டுசென்றன. 1951இல் மறே பள்ளத்தாக்கில் மனிதரிடையே மூளையழற்சி பரவ, மக்கள் இவ்வைரசையே ஐயுற்றனர். அவ்வச்சத்தைப் போக்கப் பிராங் பெனர், மக்பாலேன் பேணற், இயன் குளூனிஸ் றொஸ் ஆகிய மூவரும் அதனைத் தம்முடலில் ஏற்றிக்கொண்டனர். ஊறெதுவும் நேரவில்லை.

சில ஆண்டுகளுள் கடுமை குறைந்த திரிபுகள் ஓங்கின. மிகக்கொடிய திரிபு தொற்றிய முயல் விரைவில் மடிந்தது. அதனை நுளம்பு கடித்தற்கு வாய்த்த நாட்கள் சிலவே. மிக மென்மையான திரிபோ தோலிற் போதிய வைரசைத் தோற்றுவிக்கவில்லை. எனவே வென்றது நடுத்தரத் திரிபு. அந்நடுத்தரமும் 100க்கு 70 முதல் 95 வரையான முயல்களைக் கொல்லவல்லது என்பதைத் தணிவு பேசுவோர் பெரும்பாலும் கூறாது விடுவர். பின்னர் எதிர்ப்பாற்றல் கொண்ட முயல்கள் பெருகின, வைரசும் வாளாவிருக்கவில்லை. 1990களிற் பெறப்பட்ட திரிபுகள் சில, எதிர்ப்பாற்றலற்ற ஆய்வுகூட முயல்களின் நிர்ப்பீடனத்தையே குலைத்து அவற்றைக் கொன்றன.

ஆகவே கூர்ப்பு நாடுவது தணிவையன்று, பரவலையே. 1918இன் இன்புளுவென்சாவில் இளவேனில் அலை ஒப்பளவில் மென்மையானது. இலையுதிர்கால அலையே பெருந்தொகையினரை மாய்த்தது. 2019இன் இறுதியில் வெளிப்பட்ட கொரோனா வைரசோ, நோய்க்குறி தோன்றுமுன்பே பிறர்க்குத் தாவவல்லது. நோயாளி வாரங்கள் கழித்து இறப்பது அதன் பரவலைப் பெரிதும் தடுப்பதில்லை. எனவேதான் 2021இற் பரவிய டெல்ற்றா, முந்தியவற்றிலும் விரைவும் கடுமையும் ஒருங்கே உடையதாயிற்று. ஒமிக்குரோன் டெல்ற்றா தணிந்து பிறந்ததன்று. வேறு கிளையிலிருந்து வந்தது. பிறபொருளெதிரிகளுக்குத் தப்பவல்ல ஆற்றலே அதன் வெற்றிக்குப் பெருங்காரணம். அது மென்மையாகத் தோன்றியதில், மக்கள் முன்னரே பெற்றிருந்த நிர்ப்பீடனத்துக்கும் பங்குண்டு. 2022இன் தொடக்கத்தில் அத்திரிபு ஹொங்கொங்கை அடைந்தபோது, அங்கு முதியோர் பலர் தடுப்பூசி பெற்றிருக்கவில்லை. அவ்வாரங்களில் அந்நகரின் இறப்புவீதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது.