வாசல் என்று ஒரு குடும்பப் பெயர்

தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று பெரும்பாலும் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, அப்புறம் தன் பெயர், அவ்வளவுதான். சிலருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சுக்காரனுக்கு இது பிடிபடவே இல்லை. குடும்பத்துக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பெயர், இரண்டும் இருந்தால்தான் எத்தா சிவில் பதிவேட்டில் கட்டம் நிரம்பும். நம் புதுச்சேரியில் சம உரிமை கேட்டவர்கள் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. இந்து சட்டம், சாதி வழக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இனி பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கே கட்டுப்படுகிறேன் என்று விருப்பமுள்ளவர் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது. கூடவே ஒரு குடும்பப் பெயரையும் சொல்ல வேண்டும். இப்படி எழுதிக் கொடுத்தவர்களைத்தான் ரெனோன்சான் என்றோம், அதாவது துறந்தவர்கள். என்ன துறந்தார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபமில்லை!

இந்த இயக்கத்துக்கு முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் ஐரோப்பிய பாணி காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார் என்று அவர்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். அவர் விடவில்லை. வழக்கு பாரீஸ் வரை போய் அவர் பக்கமே தீர்ந்தது. அப்படிப்பட்டவர் பின்னாளில் தனக்கு எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லாப்போர்த். பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாசல் அல்லது கதவு என்று பொருள். நீதிமன்ற வாசலில் தடுக்கப்பட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அவர் வழியில் போனவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம். பட்டம் போனால் சாதியும் போகும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. சிலர் பிரெஞ்சுச் சொல்லையே பெயராக்கிக்கொண்டார்கள். சிலர் தகப்பனார் பெயரையே குடும்பப் பெயராக்கி நிறுத்தினார்கள். பலர் சைகோன் பக்கம் உத்தியோகத்துக்கும் சொல்தாவாகவும் போனார்கள். எதிர்ப்பும் பலமாக இருந்தது. பழைய வழக்கம் மாறக்கூடாது என்றவர்களுக்குத் தலைவர் சண்முக வேலாயுத முதலியார். அவர் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் 'ஷனெமுகம்' என்று வாசிக்க வரும். 1884இல் வாக்காளர்களையே ஐரோப்பியர், ரெனோன்சான், மற்றவர் என்று மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். சமம் கேட்டவனுக்குத் தனிப் பட்டியல் கிடைத்தது!

எழுத்து விஷயம் தனிக் கதை. நம் உகரத்துக்குப் பிரெஞ்சில் ஓ, யூ என்று இரண்டு எழுத்து வேண்டும். ஆங்கிலத்தில் யூ ஒன்று போதும். நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், பிறப்புச் சான்றில் ஒரு முத்துசாமி, குடும்ப அட்டையில் வேறொரு முத்துசாமி என்று கையில் இரண்டு காகிதத்தோடு வந்து நிற்பார்கள். இருவரும் ஒருவரே என்று எத்தனை குறிப்பு எழுதியிருப்பேனோ, கணக்கில்லை.

இதே எழுத்தோடு கடல் தாண்டிப் போனவர்களும் உண்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி ரியூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்களே, அவர்கள். அங்கே ஒற்றைப் பெயராகப் பதிவானது, தலைமுறை தாண்டிக் குடும்பப் பெயராகவே நின்றுவிட்டது. முத்துசாமி அங்கே முத்துஸ்ஸமி, வீரப்பிள்ளை அங்கே விரப்புல்லே. தமிழ் பேச்சு போய்விட்டது, பெயர் போகவில்லை. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904இல் வழக்கைத் தொடங்கி 1923 வரை போராடி வாங்கியவர் ஹென்றி சிதம்பரம். முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி நம் தில்லை. அந்தப் பின்பாதியை மாற்றாமலே அவர் அதை வாங்கினார்.